மன்னிக்கவும், சாவி என்னிடம் இல்லை

கத்தியின் நீளம் பதினோரு சென்டிமீட்டர்
என்று காவல்துறைக் குறிப்பில் இருக்கிறது.
மூன்று குளிர்காலமாக
என் முழங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது அது.

எதிரே உட்கார்ந்திருப்பவன்
இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறான்.
மேலே எடு என்று சொல்ல வாய் வரவில்லை.
சமரச அலுவலகத்துப் பிர்க்கோ கவனித்துவிட்டாள் போல.
"காபி எடுத்துக்கொள்ளேன், யால்மாரி."
கைகள் மேலே வந்தன.
நகம் கடித்த சின்னக் கைகள்.
இவையா?

ஜன்னலுக்கு வெளியே குவோப்பியோ.
மதியம் மூன்றுக்கே மங்கும் ஏரி.
உறைந்த நீரில் துளையிட்டு மீனுக்குக் காத்திருக்கிறார் ஒருவர்,
ஊர் முழுவதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.
முதுகைக் காட்டி உட்கார முடிகிறவர்களைப் பார்த்தால்
இப்போதெல்லாம் எனக்குப் பொறாமை.

கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.
ஏன் என் மருந்துக்கடை.
ஏன் அந்தச் சனிக்கிழமை.
என்னை முன்பே நோட்டமிட்டாயா.
கடைசிக் கேள்விக்குத் துணையாகத்தான் மற்ற இரண்டும்.

வீட்டுப் பூட்டை மூன்று முறை மாற்றினேன்.
சிவப்புக் கோட்டைத் தானம் கொடுத்தேன்,
அதுதான் கண்ணை இழுத்ததோ என்று.
எல்லாம் தற்செயல் என்றார் தௌனோ, முதுகைத் தடவியபடி.
தற்செயலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
என் தப்பு என்றால்
திருத்திக்கொள்ள ஒரு வழியாவது இருக்கும் அல்லவா.

அவன் சொன்னான்:
"விளக்கு எரிந்தது. உள்ளே வந்தேன்."

அவ்வளவுதான்.
ஆயிரம் இரவு புரண்டு புரண்டு தேடியது
ஒரு சுவிட்ச்.

"கத்தியை விரித்ததாக நினைவில்லை" என்றான் பிறகு.
குறிப்பில் விரித்திருந்தது.
என் கனவிலும் விரித்திருந்தது.
அவன் நினைவில் மட்டும்
மடங்கியபடி சட்டைப் பைக்குள் கிடக்கிறது.

அப்புறம் யாரும் கேட்காமலே:
"நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்."

என்ன?

"மன்னிக்கவும், பெட்டகச் சாவி என்னிடம் இல்லை என்றீர்கள்.
மெதுவாக. இந்த மாத்திரை தீர்ந்துவிட்டது,
திங்கட்கிழமை வாருங்கள் என்பது போல.
அதைப் பிடித்துக்கொண்டேன்.
அந்த அம்மா கோபப்படவே இல்லை,
பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை
என்று சொல்லிக்கொண்டே
சிறையில் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வேன்.
தூக்கம் வந்துவிடும்."

என் வார்த்தை.
பதினேழு வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்று
நாக்கில் காய்ப்புக் காய்த்த வார்த்தை.
பயத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டுவது போல
அதை நீட்டியிருக்கிறேன்.
களவு போனது நானூற்றுப் பத்து யூரோ
என்றது தீர்ப்பு.
இது கணக்கில் வரவில்லை.
என் தூக்கத்தை எடுத்துப் போய்
அவன் போர்த்திக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கோபம் வந்தது,
மூன்று வருடம் தாமதமாக,
மூச்சிரைக்க.
"அது பயம்" என்றேன்.
"வீட்டுக்குப் போய்க் குளியலறைத் தரையில்
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன், கோட்டைக் கழற்றாமல்.
அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடு."

எப்படிக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.
எப்படி வாங்குவது என்று எனக்கும்.
காபியில் ஆடை படிந்தது.
அவன் காதுமடல்கள் மெல்லச் சிவந்தன.
"இனிமேல் எதைச் சொல்லித் தூங்குவது"
என்று கோப்பையிடம் கேட்டான்.

எனக்கு இரக்கம் வரவில்லை.
வரும் என்று பிர்க்கோ காத்திருக்கவும் இல்லை.
அதற்காக அவளுக்கு
ஒரு கிறிஸ்துமஸ் அட்டை அனுப்ப வேண்டும்.

படியிறங்கும்போது கையுறை நழுவியது.
பின்னால் வந்த யாரோ எடுத்து நீட்டினார்.
பழக்கத்தில் "மன்னி" வரை வந்துவிட்டது வாய்.
மூடிக்கொண்டேன்.
ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.
மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பார்.
நினைக்கட்டும்.